ஸ்பார்க் பிளக்கை மாற்றும் காலம்: கொழும்பில் சிறிய கார் வைத்திருப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எஞ்சினுக்குள் பெற்றோலைப் பொறியால் எரியவைக்கும் ஸ்பார்க் பிளக்கை எத்தனை கிலோமீற்றருக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும் என்ற கேள்விக்கு ஒரே எண்ணைப் பதிலாக எதிர்பார்ப்பதே முதல் தவறு. நிக்கல் முனை கொண்ட சாதாரண பிளக் 20,000 முதல் 30,000 கிலோமீற்றருக்குள் தேய்ந்துவிடும். பொறி பாயும் நடுமுனை, பக்கமுனை இரண்டிலும் இரிடியம் அல்லது பிளாட்டினம் பதித்த பிளக் 100,000 கிலோமீற்றர் வரை தாங்கும். ஆனால் நடுமுனையில் மட்டும் இரிடியம் வைத்து, பக்கமுனையை நிக்கலாகவே விட்ட, அவ்வளவு தூரம் தாங்காத பிளக்குகளும் கடைகளில் உண்டு. வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் பெட்டியின் மேல் 'இரிடியம்' என்ற சொல்லைக் கண்டவுடன் இனி ஒரு இலட்சம் கிலோமீற்றருக்குக் கவலையில்லை என்று எண்ணுவோர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

எஞ்சினின் அளவும் கணக்கில் வரும். வேகன் ஆர் போன்ற 660 சீசீ ஜப்பானியக் கார்களின் எஞ்சின், அதே வேகத்தில் ஓடும் பெரிய எஞ்சினைவிட அதிக சுற்றுகள் சுழல்வதால், ஜப்பானிய பிளக் உற்பத்தியாளர்கள் அவற்றுக்கு ஏறத்தாழப் பாதித் தூரத்தையே பரிந்துரைக்கிறார்கள்.

இவற்றைவிடக் கொழும்பு வாசிகளை அதிகம் ஏமாற்றுவது கிலோமீற்றர் மானியே. காலை வேளையில் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குக் காலி வீதி வழியே ஊர்ந்து செல்லும் காரின் எஞ்சின், நின்ற இடத்தில் நிமிடத்துக்கு 750 சுற்று சுழன்றால், ஒவ்வொரு பிளக்கும் ஒரு மணித்தியாலத்தில் இருபதாயிரத்துக்கும் அதிகமான தடவை பொறி விடுகிறது, மானியோ அசைவதில்லை. அத்துடன், முனையில் படியும் கரி தானாக எரிந்து போக ஏறத்தாழ 450 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். பாடசாலைக்கும் சந்தைக்கும் மட்டும் போய்வரும் காரில் அந்த வெப்பம் போதிய நேரம் நிலைப்பதில்லை. ஆகவே நகருக்குள்ளேயே ஓடும் காரில், குறித்த தூரத்துக்கு முன்னரே பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. வெளிநாட்டில் ஓடிய காரை வாங்கியவர்கள் மானியை நம்பாமல், வாங்கியவுடனேயே பார்த்துவிட வேண்டும்.

"ஓடுகிறதுதானே" என்று எஞ்சின் திக்கும் வரை காத்திருப்பது, சிக்கனமாகத் தோன்றினாலும் செலவு மிக்க தவறு. முனை தேய்ந்து இடைவெளி அகலும்போது, பொறி பாய இக்னிஷன் கொயில் கூடுதல் மின்னழுத்தம் தர வேண்டியிருப்பதால் அதன் ஆயுள் குறைகிறது. எரியாமல் வெளியேறும் பெற்றோல் புகைக்குழாயில் நச்சுப் புகையைக் குறைக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டரைச் சூடேற்றிக் கெடுக்கிறது. இவை இரண்டும் பிளக்கைவிடப் பன்மடங்கு விலையுள்ளவை.

இரிடியம் பிளக்கை உப்புத்தாளால் தேய்த்துத் திரும்பப் பூட்டும் பழக்கம் இன்னும் சில கராஜ்களில் இருக்கிறது. அரை மில்லிமீற்றர் தடிப்பே உள்ள அந்த முனை அதைத் தாங்காது. ஒன்று பழுதென்றால் ஒன்றை மட்டும் மாற்றுவதும் பிழை. மூன்று சிலிண்டர் என்றால் மூன்றையும் ஒன்றாக மாற்ற வேண்டும்.

சூடான எஞ்சினில் பிளக்கைக் கழற்றவே கூடாது, ஏனெனில் பிளக் பூட்டப்படும் அலுமினிய எஞ்சின் தலையிலுள்ள மரை பிய்ந்துவிடக்கூடும். பூட்டும்போது முதலில் கையால் மட்டுமே திருகி, வாஷர் தொட்ட பின்னரே ஸ்பனரை எடுக்க வேண்டும். 14 மில்லிமீற்றர் மரையுள்ள புதிய பிளக்குக்கு அதன்பின் அரைச் சுற்றளவு இறுக்கமே போதும்.