வீக்கம் அடங்க மூச்சு விடும் முறை

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறையில் கைமூட்டு வீங்கினால் முதலில் தன்வந்தரம் குழம்பு என்ற ஆயுர்வேதத் தைலம், அப்புறம்தான் பாலக்காட்டு டாக்டர். தையல்காரியான எனக்கு முடக்குவாதம். காலையில் விரல் மடங்காது, ஊசி நிற்காது. மருந்தோடு மூச்சுப் பயிற்சியும் செய்கிறேன். ஏன் என்று விளக்கியது நர்சிங் படிக்கும் என் மகள்.

மூளையிலிருந்து கழுத்து வழியாக இறங்கி, இதயம், நுரையீரல், குடல் வரை போகிறது வேகஸ் நரம்பு. உள்ளே அழற்சி, அதாவது உடம்பின் எதிர்ப்பால் வரும் வீக்கம், கிளம்பினால் மூளைக்குச் சேதி சொல்வதில் அதற்குப் பங்கு உண்டு. ‘போதும், அடங்கு’ என்ற பதிலும் அதன் வழியாகவே வருகிறது. அந்தப் பதில் மண்ணீரலை எட்டும்போது அங்குள்ள டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்கள் அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும். அதனால், கிருமியை விழுங்கும் மேக்ரோபேஜ் செல்கள், டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதம் தயாரிப்பதைக் குறைக்கும். மூட்டுகளை வீங்கவைப்பதில் பெரிய குற்றவாளி இந்த டிஎன்எஃப்தான். அமெரிக்காவில் கெவின் ட்ரேசி என்ற ஆராய்ச்சியாளரின் குழு 2000-இல் எலிகளின் வேகஸ் நரம்பை மின்சாரத்தால் தூண்டினால் டிஎன்எஃப் குறைவதைக் காட்டியது. 2025-இல் முடக்குவாதத்துக்கு, கழுத்துக்குள் பொருத்தி வேகஸைத் தூண்டும் கருவிக்கே அங்கு அனுமதி கிடைத்துவிட்டது.

சரி, நமக்கு மூச்சு. நாற்காலியில் உட்கார்ந்து, மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இரண்டு விரல் வைத்து நாடி பாருங்கள். மூச்சை இழுக்கையில் துடிப்பு சற்று வேகமெடுக்கும், விடுகையில் தளரும். தளரவைப்பது வேகஸ். வயதானவர்களுக்கு இந்த வித்தியாசம் மங்கலாகத்தான் தெரியும்; பயப்பட வேண்டாம். நாலு விநாடி மூக்கால் இழுத்து, ஆறு விநாடி விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். வயிறு எழும்பணும், தோள் ஏறக்கூடாது. அடக்கி வைக்காதீர்கள். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் தொடங்கலாம்.

இதனால் பதற்றம் தணிகிறது, வலியைத் தாங்க முடிகிறது. கருவி செய்வதை எல்லாம் மூச்சே செய்யும் என்று விற்கிறவர்களை நான் நம்புவதில்லை. “அம்மா, மூச்சு வேற, மருந்து வேற” என்று மகள் திட்டிக்கொண்டே இருப்பாள். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து எழுதித் தந்திருந்தால் நிறுத்தாதீர்கள். அது வாரம் ஒருநாள் மாத்திரை. மறந்துபோய்த் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து.

தூக்கம் கெட்டால் அழற்சி கூடும், அதையும் கவனியுங்கள். மத்தி மீன் மலிவாகக் கிடைத்தால் வாங்குங்கள், அதில் ஒமேகா-3 கொழுப்பு இருக்கிறது. அழற்சியை முடித்துவைக்கும் ரிசால்வின்கள் என்ற பொருள்களை உடம்பு அந்தக் கொழுப்பிலிருந்துதான் செய்கிறது.

ஒரே ஒரு மூட்டு திடீரென்று சிவந்து சுட்டு, காய்ச்சலும் வந்தால் மூச்சை எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.