பழைய காரைப் புதுப்பிக்கும்போது பெயிண்ட் கடைசி வேலை

பழைய கார் ஒன்றை வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தியதும் பார்க்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "என்ன கலர் அடிக்கப் போறீங்க?" அந்தப் பேச்சில் இழுபட்டுப் போனால் வேலை தலைகீழாகிவிடும். முதலில் வண்டி நிற்க வேண்டும், அதாவது பிரேக் பிடிக்க வேண்டும். அப்புறம் ஓட வேண்டும். அழகெல்லாம் அதற்குப் பிறகுதான். நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் இந்த வரிசை மாறியதால் வந்தவை.

என்னிடம் இருப்பது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டை மூலமாக வைத்து 1961 முதல் நம் சென்னைப் பக்கம் வண்டலூரில் செய்த வண்டி. 948 சிசி இன்ஜின். பானெட் மட்கார்டோடு சேர்ந்து அப்படியே முன்னால் கவிழும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜின் வேலை பார்க்கலாம். அந்த வசதிக்காகவே எனக்கு இந்த வண்டி மேல் தனிப் பிரியம்.

பல வருடம் ஓடாமல் கிடந்த வண்டிக்குப் புது பேட்டரி மாட்டி, அன்றைக்கே செல்ஃப் அடித்துப் பார்க்காதீர்கள். சிலிண்டர் சுவரில் துரு படிந்து பிஸ்டன் ரிங் ஒட்டியிருக்கலாம். மோட்டார் பலத்தில் சுற்றினால் ரிங் உடையும், சுவரில் கீறல் விழும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு, இரண்டு மூன்று நாள் ஊற விடுங்கள். பிறகு பிளக் போடாமலே கையால் சுற்றிப் பாருங்கள். அசையவில்லையா, இன்னும் ஆயில் விட்டுக் காத்திருங்கள்.

ஹெரால்டு வைத்திருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ட்ரன்னியன். முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடியில் மரை இருக்கும். அந்த மரை ஒரு வெண்கலக் கட்டைக்குள் இறங்கியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது தண்டு இந்த மரையில்தான் திரும்புகிறது. கட்டையில் நிப்பிள் மாட்ட ஒரு துளை உண்டு. நிப்பிளைக் கண்டதும் மெக்கானிக் கை தானாகக் கிரீஸ் கன்னை எடுத்துவிடும். ஆனால் இதற்குப் போட வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். கிரீஸ் மரைகளின் இடுக்கு முழுவதும் போய்ச் சேராது. தண்ணீர் இறங்கும், இரும்பு மரை துருப்பிடித்து மெலியும். ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிப் படுத்துவிடும்.

என் வண்டியிலும் முன்பு வேலை பார்த்தவர்கள் கிரீஸ்தான் அடித்திருந்தார்கள். கழற்றியபோது மேல் மரைகளில் கிரீஸ் மெழுகு போலக் காய்ந்திருந்தது. கீழ் மரைகளில் கிரீஸே இல்லை, செம்பழுப்புத் துருப்பொடி மட்டும். துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்தால் மயிரிழை போல ஒரு விரிசல். அதே தண்டோடு வாங்கிய இடத்திலிருந்து வீடு வரை ஓட்டி வந்திருந்தேன். இப்போது மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் மேலே ஆயில் கசிகிற வரை அடித்துவிடுகிறேன்.

டிங்கர் வேலைக்கு, அதாவது பாடித் தகட்டைச் சரி செய்யும் வேலைக்கு வருவோம். ஹெரால்டில் கதவு தாழ்ந்து சரியாகச் சாத்தவில்லை என்றால் உடனே கீலைத் தட்டி நிமிர்த்தப் பார்ப்பார்கள். வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீண்டு பாடியைத் தாங்கும் கைகள் துருவால் இற்றிருக்கலாம். அதைச் சரி செய்யாமல் கீலை எத்தனை முறை தட்டினாலும் கதவு மறுபடி தாழும். துருவின் மேல் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) பூசி மறைப்பதும் இப்படித்தான். அடுத்த மழையில் கொப்புளம் கிளம்பும். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைத் தகட்டின் மேல் ஓட்டிப் பாருங்கள். பிடிக்காத இடத்தில் தடிமனாகப் பட்டி இருக்கிறது.

ஸ்பேனரிலும் கவனம் வேண்டும். ஹெரால்டு, அம்பாசிடர் இரண்டும் இங்கிலாந்து வழி வந்தவை, அங்குலக் கணக்கு. ஃபியட் வழி வந்த பத்மினிக்கு மில்லிமீட்டர். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். அதில் 13 நம்பர் ஸ்பேனர் உட்காருகிற மாதிரியே இருக்கும். பல வருடம் இறுகிப்போன போல்ட்டில் அதை வைத்து அழுத்தினால் தலை உருண்டுவிடும்.

கழற்றிய எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஒரு பட்டறையில் என் வண்டியின் பழைய ரப்பர் புஷ்களை "இது எதுக்கு சார்" என்று குப்பையில் போட்டுவிட்டார்கள். மாதிரி கையில் இருந்தால் சென்னையில் பழைய உதிரி பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் தேடலாம், கிடைக்காவிட்டால் லேத்தில் அல்லது ரப்பர் மோல்டிங்கில் செய்துகொள்ளலாம். மாதிரி போனால் அளவே போச்சு.

பெட்ரோல் குழாய்களைப் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். இன்று பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் அதில் இளகி விரியும், சூடான இன்ஜின் மேல் சொட்டும்.

ஆர்.சி. புத்தகம் இல்லாத வண்டியை விலை மலிவு என்று வாங்காதீர்கள். 50 வருடம் கடந்த வண்டிகளுக்கு 2021 முதல் 'விஏ' என்ற தனிப் பதிவு வரிசை உண்டு. சேஸிஸ், பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருந்தால் அது கிடைக்காது. மாருதி இன்ஜின் மாற்றும் யோசனை இருந்தால் இதையும் யோசியுங்கள்.

பழைய பட்டறைச் சாமான்களைப் புதுப்பிப்பதும் இதே பொழுதுபோக்கின் இன்னொரு பாதி. துருப்பிடித்த பெஞ்ச் வைஸை (மேசையில் மாட்டி, பொருளை இறுக்கிப் பிடிக்கும் சாமான்) கிரைண்டரால் தேய்த்தால் அதில் வார்த்திருக்கும் எழுத்தும் தேய்ந்துபோகும். பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் மூழ்க வைத்து, பேட்டரி சார்ஜரின் நெகட்டிவை வைஸிலும் பாசிட்டிவைப் பழைய இரும்புத் துண்டிலும் கொடுங்கள். அந்தத் துண்டு எவர்சில்வராக இருக்கவே கூடாது, நச்சுள்ள குரோமியம் தண்ணீரில் கரையும். ஹைட்ரஜன் வாயு வரும், அதனால் திறந்த வெளியில் வையுங்கள். மறுநாள் சார்ஜரை அணைத்துவிட்டு எடுத்தால் துரு கறுப்புச் சேறாக பிரஷ்ஷோடு வந்துவிடும். கழுவி, வெயிலில் காயவைத்து, உடனே ஆயில் தடவுங்கள். சென்னைக் காற்றில் சாயங்காலம் வரை விட்டால் மறுபடி செம்மை படர்ந்துவிடும்.