எப்பாக்சி ரப்பரிலிருந்து வெட்டு ஆறும் மீள்பொருள் தயாரிக்கும் முறை

கந்தகம் சேர்த்து வேகவைத்த ரப்பரை மீண்டும் உருக்கி வார்க்க இயலாது. அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைக் கட்டிவைத்திருக்கும் குறுக்குப் பிணைப்புகள் சூட்டில் எளிதாக இடம் மாறுவதில்லை. அவற்றுக்குப் பதிலாக, சூடேறும்போது தமக்குள் கைமாறிக்கொள்ளும் எஸ்டர் பிணைப்புகளை (கரிம அமிலம் எப்பாக்சியோடு வினைபுரிந்து உண்டாகும் பிணைப்புகளை) அமைத்தால், வெட்டிய துண்டுகளை ஒட்டவைக்கலாம், பழைய துண்டை அச்சில் புதிதாக அழுத்தவும் செய்யலாம். பிரெஞ்சு இயற்பியலாளர் லுட்விக் லைப்லரின் குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வை ஒட்டி, இவ்வகைப் பொருள்கள் விட்ரிமர் எனப்படுகின்றன.

பினாங்கிலோ கோலாலம்பூரிலோ இதைச் செய்து பார்க்க விரும்புவோர்க்கு மூலப்பொருள் உள்நாட்டிலேயே உண்டு. மலேசிய ரப்பர் வாரியம் எக்கோபிரீனா என்ற பெயரில் வளர்த்தெடுத்த எப்பாக்சி ரப்பரில், 50 விழுக்காடு எப்பாக்சி ஏற்றிய வகையைத் தேர்ந்தெடுங்கள். எப்பாக்சி என்பது ஓர் ஆக்சிஜனும் இரு கார்பன்களும் சேர்ந்த சிறு வளையம்; இந்த வகையில் ரப்பரின் இரட்டைப் பிணைப்புகளில் பாதி அப்படி மாறியிருக்கும். ரப்பர் பாலில் ஃபார்மிக் அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்து நீங்களே எப்பாக்சி ஏற்றவும் முடியும்; ஆனால் தோட்டத்தில் பாலை உறையவைக்கும் அமிலமும் இதே ஃபார்மிக் அமிலம்தான் என்பதால், அயனியற்ற நிலைப்படுத்தியை முதலில் கலக்காவிட்டால் பால் திரிந்துவிடும். தொடக்கத்தில் ஆயத்த ரப்பரை வாங்குவதே நல்லது.

அளவுதான் இங்கே முக்கியம். 100 கிராம் ரப்பரில் ஏறக்குறைய 0.66 மோல் எப்பாக்சி இருக்கும். அதில் 5 கிராம் செபாசிக் அமிலம் சேர்த்தால் 0.05 மோல் கார்பாக்சில் (அமில முனை; ஒரு செபாசிக் மூலக்கூறில் இரண்டு உண்டு) கிடைக்கும். அதாவது எப்பாக்சியில் சுமார் 7.5 விழுக்காடு மட்டுமே வினைபுரியும். அமிலத்தைக் கூட்டினால் வலிமை ஏறும், ஆனால் சங்கிலிகள் இறுகி வெட்டு ஆறுவது குறையும். எஸ்டர் பரிமாற்றத்துக்கு வினையூக்கியாக, கார்பாக்சிலில் பத்தில் ஒரு பங்கு மோல் துத்தநாக அசிடேட்டை நன்கு உலர்த்திச் சேருங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அது திறந்து கிடக்கக் கூடாது.

இரட்டை உருளையில் ரப்பரை மென்மையாக்கி, வினையூக்கியையும் பொடித்த அமிலத்தையும் படிப்படியாகக் கலந்து, 180 டிகிரி செல்சியஸில் அழுத்துங்கள். நேரத்தை ஏட்டிலிருந்து எடுக்காமல், ரப்பர் வேகும்போது இறுகுவதை அளக்கும் ரியோமீட்டரில் முறுக்குவிசை சமநிலைக்கு வரும் வரை எனக் கணக்கிடுங்கள்.

அரைகுறையாக வெந்த ரப்பரும் இயல்பாகவே ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்த்து ஏமாறுவோர் பலர். ஆகவே துத்தநாகம் சேர்க்காத மாதிரி ஒன்றையும் உடன் தயாரியுங்கள். இரண்டும் முழுமையாகப் பிணைந்தன என்பதற்கு அடையாளமாக, டொலுயீன் என்ற கரைப்பானில் கரையாமல் வீங்க வேண்டும். அகச்சிவப்பு நிறமாலையில் 1735 செ.மீ.⁻¹ அருகே எஸ்டர் முகடு தெரிய வேண்டும். பிறகு வெட்டிய முகங்களைச் சேர்த்துச் சூட்டில் அழுத்தி, இரு மாதிரிகளின் இழுவலிமையையும் வெட்டாத துண்டின் வலிமையோடு ஒப்பிடுங்கள். துத்தநாகம் உள்ள மாதிரி தெளிவாக முந்தினால் மட்டுமே, வெட்டு ஆறியது பிணைப்புப் பரிமாற்றத்தால் எனக் கொள்ளலாம்.