ஆங்கிலத் தாளில் கையெழுத்திடும் முன்பு: இராமநாதபுரக் கரையிலிருந்து வெளிநாட்டு வேலைக்குச் செல்வோருக்கு

தொண்டியிலிருந்து தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி வழியாகச் சாயல்குடி வரையிலும், பாம்பனுக்கு அப்பால் தங்கச்சிமடம், இராமேஸ்வரம் வரையிலும், வெளிநாட்டில் ஒருவராவது இல்லாத தெரு அரிது. சபர், அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போவது, இக்கரைக்குப் பழகிய வாழ்க்கை. ஆனால் போகிறவர் கையெழுத்திடும் தாள்கள் மட்டும் இன்றுவரை அவருக்குப் புரியாத மொழியிலேயே இருக்கின்றன. சவூதியில் லாஞ்ச் எனப்படும் விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவருக்கும், சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவருக்கும், ஒப்பந்தம் இரவில் வாட்ஸ்அப்பில் வருகிறது. காலைக்குள் கையெழுத்திட்டு அனுப்பாவிட்டால் விசா வேறொருவருக்குப் போய்விடும் என்று ஒரு குரல்பதிவும் கூடவே வருகிறது. பல ஆண்டுகளாக அக்கம்பக்கத்தாரின் தாள்களைப் படித்துச் சொல்லிவரும் எனக்கு, அந்த அவசரமே ஏமாற்றின் முதல் அடையாளமாகத் தெரிகிறது. இரண்டு நாள் அவகாசம் கேளுங்கள். அதைத் தர மறுப்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

அந்த இரண்டு நாளில் முதலில் செய்ய வேண்டியது, ஒப்பந்தத்தைத் தமிழில் கேட்பது. இதைக் கேட்கப் பலரும் கூச்சப்படுகிறார்கள்; ஆங்கிலம் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம் அது. கூச்சத்துக்கு இடமே இல்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2016 முதல், வேலைவாய்ப்புக் கடிதம் அரபியிலும் ஆங்கிலத்திலும் இருப்பதோடு, தொழிலாளிக்குப் புரியும் மூன்றாவது மொழியிலும் இருக்க வேண்டும் என்பது விதி. அரசு அனுமதித்துள்ள அந்த மொழிகளின் பட்டியலில் தமிழும் இருக்கிறது. சிங்கப்பூர் ஒர்க் பெர்மிட்டுக்கு முன்பாக வரும் ஐ.பி.ஏ. எனும் முன் ஒப்புதல் கடிதத்தை, தொழிலாளியின் தாய்மொழியில் அவர் புறப்படும் முன்பே அனுப்பி வைப்பது வேலையளிப்பவரின் கடமை. அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் எல்லாம் அதில் தனித்தனியே எழுதப்பட்டிருக்கும். ஏஜென்ட் அதன் முதல் பக்கத்தை மட்டும் காட்டினால், முழுக் கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள்.

ஒப்பந்தம் தமிழில் கிடைக்காத நாடுகளுக்கு வேறு வழி தேட வேண்டியிருக்கிறது. வளைகுடா நாடுகளில் வழக்கு என்று வந்தால் நீதிமன்றம் பார்ப்பது அரபி வாசகத்தையே. ஆங்கிலப் பகுதியில் நல்ல சம்பளம் எழுதியிருப்பது அப்போது உதவாது. நம் கரையில் அரபி எழுத்தை ஓதத் தெரிந்தவர்கள் நிறைய உண்டு, பொருள் தெரிந்தவர்கள் குறைவு. ஊர்ப் பள்ளிவாசலிலோ மதரசாவிலோ இருக்கும் ஆலிமிடம் அந்தத் தாளைக் கொண்டுபோய்ச் சம்பளம், வேலையின் பெயர், காலம் ஆகிய மூன்றை மட்டுமாவது படித்துச் சொல்லும்படி கேளுங்கள். அதற்கு எந்த மதத்தவரும் தயங்க வேண்டியதில்லை. எண்களை நீங்களே சரிபார்க்கலாம். அரபி எண்களில் பூஜ்ஜியம் என்பது வெறும் புள்ளி; நமக்குப் பூஜ்ஜியம் போலத் தெரியும் வட்டம் உண்மையில் ஐந்து. ஆங்கிலத் தாளைச் செல்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலியில் காட்டிப் பொதுவான பொருளை அறியலாம் என்றாலும், சட்டச் சொற்களில் அது தவறக்கூடும் என்பதால், படித்த பிள்ளை ஒருவரையாவது, பங்குத்தந்தை அல்லது பள்ளி ஆசிரியர் ஒருவரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் படிப்பதே நல்லது.

படிக்கும்போது அதிகக் கவனம் வேண்டியது அடிப்படைச் சம்பளத்தில். எங்கள் தெருவில் ஒருவருக்கு வாய்ச்சொல்லில் 1,500 திர்ஹம் என்றார்கள். தாளில் அடிப்படைச் சம்பளம் 600, மற்றதெல்லாம் படிகள் என்று இருந்தது. மாதந்தோறும் கைக்கு 1,500 வந்ததால் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆறு ஆண்டு கழித்து வேலையை விட்டபோது பணிக்கொடையை 600-ஐ வைத்துக் கணக்கிட்டார்கள். அமீரகச் சட்டம் அடிப்படைச் சம்பளத்தின் மீதே பணிக்கொடையைக் கணக்கிடுகிறது என்பதால் அவரால் எதுவும் செய்ய முடியவில்லை. அந்த ஒரு வரியை அன்றே யாராவது படித்துச் சொல்லியிருந்தால் என்று இன்றும் மனம் வருந்துகிறேன்.

கடலுக்குப் போகிறவர்களின் நிலை இன்னும் சிக்கலானது. லாஞ்சில் பெரும்பாலும் மாதச் சம்பளம் இல்லை, மீன் விற்ற பணத்தில் பங்கு. அந்தப் பங்கு டீசல், ஐஸ், உணவுச் செலவைக் கழிக்கும் முன்பா, கழித்த பின்பா என்பதையும், மீன் கிடைக்காத மாதத்துக்கும் மீன்பிடித் தடைக்காலத்துக்கும் என்ன தருவார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். விசாவில் எந்த வேலை எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். வீட்டு ஓட்டுநர் என்றோ ஆடு மேய்ப்பவர் என்றோ விசா அடித்துக் கடலுக்கு அனுப்பினால், விபத்து நேரும்போது இழப்பீடு கேட்கும் உங்கள் நிலை பலவீனமாகிவிடும். ‘ஃப்ரீ விசா’ என்று சொல்லப்படுவதும் இதே வகைதான். தாளில் கபீல் (விசா தரும் பொறுப்பாளர்) ஒருவர், வேலை வேறோர் இடத்தில் என்றால், அந்த நாட்டுச் சட்டத்தின் பார்வையில் பிடிபடுபவர் நீங்களே.

அடுத்து ஏஜென்ட். 1983 ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவரது பதிவு எண்ணைக் கேட்டு, இ-மைக்ரேட் இணையதளத்தில் அது நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். ‘சென்னை ஆபீசுக்கு நான் ஆள் அனுப்புகிறவன்’ என்று டீக்கடையில் பணம் வாங்குபவருக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. அவர் உறவினராகவே இருந்தாலும் பணத்தை அவர் கையில் தராதீர்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் என்று கேட்கப்படும்போது இந்த எண்ணை நினைவில் கொள்ளுங்கள். வங்கிக் கணக்கு வழியாகவே செலுத்தி, ரசீது வாங்குங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஆள் எடுக்கிறது என்பதால், தனியாரிடம் போகும் முன்பு அங்கே என்ன வேலைகள் அறிவிக்கப்பட்டுள்ளன என்று பார்த்துவிடலாம்.

இங்கே ஈ.சி.ஆர். என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலைதான் நினைவுக்கு வரும். பாஸ்போர்ட்டில் அந்த எழுத்துகள் அச்சிடப்பட்டிருந்தால், சவூதி, குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், அமீரகம், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல இந்திய அரசின் குடியேற்ற அனுமதி பெற வேண்டும் என்று பொருள். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களுக்கே பெரும்பாலும் இந்தக் குறிப்பு இருக்கும். அந்த அனுமதியைத் தவிர்ப்பதற்காகவே ‘முதலில் விசிட் விசாவில் போங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்கிறார்கள். அப்படிப் போகிறவருக்கு ஒப்பந்தப் பதிவும் இல்லை, கட்டாயக் காப்பீடும் இல்லை. பிரவாசி பாரதீய பீமா யோஜனா என்ற அந்தக் காப்பீடு, இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய் கட்டணத்தில், விபத்தில் இறப்போ நிரந்தர ஊனமோ ஏற்பட்டால் 10 லட்சம் ரூபாய் தருகிறது.

பயணச் செலவுக்குக் கடன் வாங்குபவர்கள் உள்ளூரிலும் இதே எச்சரிக்கையைக் கடைப்பிடிக்க வேண்டும். தொகை எழுதாத புரோநோட்டிலும் வெற்றுக் காசோலையிலும் கையெழுத்திடக் கூடாது. வங்கியோ நிதி நிறுவனமோ கடன் தந்தால், வட்டி, கட்டணங்கள், தவணை அனைத்தும் அடங்கிய முக்கிய விவரத் தாளைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பது, 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. தமிழில் தாருங்கள் என்று கேளுங்கள்.

போய் இறங்கிய பின்பு புதிய ஒப்பந்தம் ஒன்றை நீட்டினால், பழையதோடு ஒப்பிடாமல் கையெழுத்திட வேண்டாம். இந்தியப் பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. அதைப் பிடித்து வைக்கும் உரிமை ஊர் ஏஜென்ட்டுக்கும் இல்லை, அங்குள்ள முதலாளிக்கும் இல்லை. கொடுக்க மறுத்தால் இந்தியத் தூதரகத்தை அணுகுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ (MADAD) என்ற புகார் இணையதளத்தில் வீட்டிலிருப்பவர்களும் உங்கள் சார்பில் புகார் பதியலாம்.

ஊரில் உள்ளவர்கள் புகார் சொல்ல, அயலகத் தமிழர் நலத்துறையின் கட்டணமில்லா எண் 1800 309 3793, மத்திய அரசின் பிரவாசி பாரதீய சகாயதா மையத்தின் எண் 1800 11 3090. கட்டணம் வாங்கிக்கொண்டு சேவை தராத ஏஜென்ட்மீது, இராமநாதபுரத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமில்லை. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம். திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்து, ஒப்புகை பெற்று வைத்துக்கொள்வதும் பின்னால் உதவும்.

இவை எதற்கும் தாள் வேண்டும். புறப்படும் முன்பே பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், காப்பீடு, பணம் கட்டிய ரசீது ஆகியவற்றின் நகலை மனைவியிடமோ தாயிடமோ கொடுத்து, ஏஜென்ட் அனுப்பிய குரல்பதிவுகளை அழிக்காமல் வேறொரு செல்பேசிக்கும் அனுப்பிவிடுங்கள். ஒரு நோட்டில் ஏஜென்ட்டின் பதிவு எண், பணம் கொடுத்த தேதி, சொன்ன சம்பளம், போகும் நிறுவனத்தின் பெயர், முகவரி ஆகியவற்றைத் தமிழில் எழுதி, அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் இரண்டு பேருக்காவது சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.