லினக்ஸில் எழுத மறுத்த பொது டிரைவ்

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருக்கிறேன். இரண்டுக்கும் பொதுவாக, விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ் வடிவத்தில் ஒரு பார்ட்டிஷன், அதாவது டிஸ்கில் தனியாகப் பிரித்த ஒரு பகுதி. திடீரென்று லினக்ஸில் அதிலுள்ள கோப்புகளைத் திறக்க முடிந்தது, சேமிக்க முடியவில்லை. 'படிக்க மட்டும்' என்றே வந்தது.

முதலில் அனுமதிகளை மாற்றிப் பார்த்தேன். பலனில்லை. அப்புறம் எந்தப் பார்ட்டிஷனை எப்படி இணைப்பது என்று லினக்ஸுக்குச் சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் இதற்கான வரியைத் திருத்தித் திருத்தி எழுதியதில் இரண்டு நாள் போனது. டிஸ்க் கெட்டுவிட்டதோ என்று சோதித்தேன்; நன்றாகவே இருந்தது.

துப்பு கொடுத்தது ஒரு சின்ன விஷயம். விண்டோஸை ஷட் டவுன் செய்துவிட்டு லினக்ஸுக்கு வந்தால்தான் இந்தத் தொல்லை. ரீஸ்டார்ட் கொடுத்து வந்தால் தாராளமாக எழுத முடிந்தது!

காரணம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். கணினி சீக்கிரம் துவங்குவதற்காக விண்டோஸ் 8 முதல் இருக்கும் வசதி. இது இயங்கும்போது ஷட் டவுன் என்பது முழு நிறுத்தம் அல்ல. விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலின் நிலையை டிஸ்கில் சேமித்துவிட்டு அரைத் தூக்கத்துக்குப் போகிறது. பார்ட்டிஷனையும் முறையாக மூடுவதில்லை. அதில் கைவைத்தால் தரவு சிதையும் என்றுதான் லினக்ஸ் எழுத மறுக்கிறது. சரியான எச்சரிக்கைதான். ரீஸ்டார்ட்டில் இந்த அரைத் தூக்கம் கிடையாது.

இதை அணைக்க விண்டோஸின் கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் பற்றிய பக்கத்தைத் திறந்தேன். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்புக்கான டிக் பெட்டி மங்கலாக, தொட முடியாமல் இருந்தது. மேலே, இப்போது மாற்ற முடியாத அமைப்புகளை மாற்றுவதற்கென்று ஓர் இணைப்பு இருக்கிறது. அதை அழுத்திய பிறகே டிக்கை எடுக்க முடிந்தது. சேமித்து, ஒருமுறை ஷட் டவுன் செய்து லினக்ஸுக்குள் வந்தேன். கோப்பு சேமிக்கப்பட்டது. அப்பாடா!