'நாட்' எங்கே, 'யெஸ்' எப்போது: ஆங்கிலத்தில் தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

பேச்சு ஆங்கிலம் கற்க வருகிறவர்களின் தாள்களைத் திருத்தும்போது, நான் படித்த காலத்தில் என் தாளில் சிவப்பு மையால் சுழிக்கப்பட்ட அதே இடங்கள்தான் கண்ணில் படுகின்றன. 'டிட் நாட் வென்ட்' போன்றவற்றை விட்டுவிடுகிறேன். கொஞ்சம் பழகினால் அவை தானே சரியாகிவிடும். பழகிய பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கும் சில தவறுகள் மட்டும் இங்கே.

'ஹார்ட்லி'

'எல்ஒய்' சேர்த்தால் வினையடை என்று படித்ததை நம்பி, 'ஐ வொர்க்ட் ஹார்ட்லி' என்று வேலை விண்ணப்பத்தில் எழுதுகிறார்கள். 'நான் வேலை செய்ததே அபூர்வம்' என்றுதான் படிப்பவருக்குப் புரியும். கடுமையாக உழைத்ததைச் சொல்ல 'ஹார்ட்' போதும். 'ஹார்ட்லி', 'பேர்லி', 'செல்டம்' ஆகியவற்றுக்குள்ளேயே எதிர்மறை இருக்கிறது. அதனால் கூடவே 'நாட்' போடக் கூடாது.

எதிர்மறைக் கேள்விக்கு 'யெஸ்'

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான். பயிற்சிப் புத்தகங்களில் 'ஆர் யூ ரெடி?', 'யெஸ், ஐ ஆம்' என்று பக்கம் பக்கமாக இருக்கும். 'ஆரன்ட் யூ ரெடி?' என்று கேட்டால் என்ன சொல்வது என்பதைப் பெரும்பாலும் தொடவே மாட்டார்கள்.

'நீ சாப்பிடவில்லையா?' என்று கேட்டால் 'ஆமாம், சாப்பிடவில்லை' என்கிறோம். கேட்டவர் நினைத்தது சரி என்று ஒப்புக்கொள்வதுதான் நம் 'ஆமாம்'. ஜப்பானிய மொழியிலும் இப்படித்தான். ஆங்கிலத்தில் கேள்வி எப்படி வந்தாலும் கணக்கில்லை. நடந்திருந்தால் 'யெஸ்', நடக்கவில்லை என்றால் 'நோ'.

என்னிடம் படித்த ஒருவர் வேலைக்குச் சேர்ந்த புதிது. தொலைபேசியில் மேலாளர், 'ஹேவன்ட் யூ சென்ட் தி இன்வாய்ஸ்?' என்று கேட்டிருக்கிறார். இவர் 'யெஸ் சார்' என்றார். இன்னும் அனுப்பவில்லை என்பதை ஒப்புக்கொண்டதாக இவர் நினைப்பு. அனுப்பியாகிவிட்டது என்று அவர் எடுத்துக்கொண்டார். கெடு தாண்டிய பிறகு விஷயம் வெளியே வந்தது. பொய் சொன்னதாகப் பழி விழுந்தது இவர்மேல். 'யெஸ் சார்' என்பதில் என்ன இலக்கணப் பிழை இருக்கிறது? ஒன்றும் இல்லை. உச்சரிப்போ காலமோ தவறினால் எதிரில் இருப்பவர் திரும்பக் கேட்பார். இதில் அவருக்குச் சந்தேகமே வராது, ஆகவே கேட்கவும் மாட்டார்.

ஒரு காலத்தில் ஆங்கிலத்திலேயே இதற்குத் தனி ஏற்பாடு இருந்தது. நேர்க் கேள்விக்கு 'யே', 'நே'. எதிர்மறைக் கேள்விக்கு 'யெஸ்', 'நோ'. 16ஆம் நூற்றாண்டு வாக்கில் அந்த வேறுபாடு மங்கிப்போய், இரண்டு சொற்களே எல்லாவற்றுக்கும் என்றாகிவிட்டது. பிரெஞ்சில் எதிர்மறைக் கேள்வியை மறுத்துச் சொல்ல 'சி' என்ற சொல் இன்றும் உண்டு.

அதனால் ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாதீர்கள். 'நோ, ஐ ஹேவன்ட்' அல்லது 'யெஸ், ஐ ஹேவ்' என்று முழுதாகச் சொல்லுங்கள். 'நோ' வந்தால் பின்னாலும் எதிர்மறைதான். 'யெஸ், ஐ ஹேவன்ட்' என்று வாயில் வந்துவிட்டால் அங்கேயே நிறுத்தித் திருத்துங்கள், கூச்சப்பட வேண்டாம். அப்புறம், 'டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?' என்பது உங்களுக்கு ஆட்சேபணை உண்டா என்ற கேள்வி. தாராளமாக உட்காரட்டும் என்று நினைத்தால் 'நோ, நாட் அட் ஆல்'.

'டூ' வேண்டாம், 'ஐதர்'

'எனக்கும் தெரியாது' என்று சொல்ல 'ஐ டோன்ட் நோ டூ' அல்ல, 'ஐ டோன்ட் நோ ஐதர்.' அவ்வளவுதான்.

இரட்டை எதிர்மறை

'ஐ டோன்ட் நோ நத்திங்' என்பது வட்டார வழக்குகளிலும் பாடல்களிலும் சகஜம். 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் நல்ல எழுத்திலேயே இது இயல்பாக வந்தது. தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் மட்டும் வேண்டாம்.

'ஆல்... நாட்'

'ஆல் தி ஸ்டூடன்ட்ஸ் டிட் நாட் பாஸ்' என்றால் ஒருவர்கூடத் தேறவில்லையா, சிலர் தேறவில்லையா? முதலாவதற்கு 'நன்', இரண்டாவதற்கு 'நாட் ஆல்' என்று தொடங்குங்கள்.

'ரியலி'யின் இடம்

'ஐ டோன்ட் ரியலி லைக் இட்' என்றால் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. 'ஐ ரியலி டோன்ட் லைக் இட்' என்றால் சுத்தமாகப் பிடிக்கவில்லை. 'டோன்ட்' முன்னால் நிற்கும்போது அது 'ரியலி'யையும் சேர்த்து மறுக்கிறது. 'ரியலி' முன்னால் வந்தால் மறுப்புக்கே அழுத்தம் கூடுகிறது. ஒருவருடைய வேலையைப் பற்றிக் கருத்துச் சொல்லும்போது இந்த இரண்டும் மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.