அம்பாசடர் இன்ஜினில் மிஸ்ஸிங்: குறை எந்தச் சிலிண்டரில், எதனால் என்று கண்டறியும் முறை

மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 வரை தயாரான அம்பாசடர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் வழிவந்தது. இன்று ஆர்வலர்கள் பேணிவரும் பழைய பெட்ரோல் வண்டிகள் பலவற்றில் இருப்பது 1,489 சிசி கொள்ளளவுள்ள, நான்கு சிலிண்டர் பி.எம்.சி. பி சீரிஸ் இன்ஜின். கணினியோ சென்சாரோ இல்லாத இந்த இன்ஜினில் மிஸ்ஸிங்குக்கான, அதாவது ஏதேனும் ஒரு சிலிண்டரில் எரிதல் தவறி ஓட்டம் தடுமாறுவதற்கான, காரணங்கள் எண்ணிவிடக்கூடியவை. ஆயினும் ஓட்டம் சற்றுத் தடுமாறியதுமே பிளக், பாயிண்ட், காயில், கார்புரேட்டர் கிட் என அனைத்தையும் ஒரே நாளில் மாற்றிவிடும் பழக்கம் பரவலாக உள்ளது. இது செலவை மட்டும் கூட்டுவதில்லை. புதிய பாகம் ஒன்றே பழுதாக இருந்துவிட்டால் குறை எங்கே தொடங்கியது என்பதே மறைந்துவிடும். ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் தொடுங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள்.

பானெட்டைத் திறப்பதற்கு முன், மிஸ்ஸிங் எப்போது வருகிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். எல்லா வேகத்திலும் ஒரே தாளத்தில் விட்டுவிட்டு அடித்தால் குறை ஒரு சிலிண்டரைச் சேர்ந்தது. தாளமே இல்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக அடித்தால், நான்கு சிலிண்டருக்கும் பொதுவானவற்றை நோக்க வேண்டும்: தீப்பொறிக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் காயில், அதன் மின்சாரத்தைத் திறந்து மூடும் பாயிண்ட், பாயிண்டில் பொறி எழாமல் காக்கும் கண்டென்சர், மின்சாரத்தை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பகிரும் ரோட்டார், பெட்ரோல் வரத்து. ஐடிலில் மட்டும் தடுமாறி, வேகத்தில் சீராகிவிடும் வண்டியில் காற்றுக் கசிவையோ வால்வையோ சந்தேகிக்கலாம். மேட்டில் ஏறும்போது மட்டும் வந்தால் தீப்பொறி வலுவிழந்திருக்கலாம் அல்லது பெட்ரோல் போதாமல் இருக்கலாம். அரைமணி நேரம் ஓடிச் சூடேறியபின் தொடங்கி, ஆறியதும் மறைந்துவிடும் குறைக்குப் பெரும்பாலும் காயிலோ கண்டென்சரோதான் காரணம்.

அடுத்து, எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிக்க வேண்டும். இன்ஜினை நிறுத்திவிட்டு, ரேடியேட்டர் பக்கமுள்ள முதல் சிலிண்டரின் பிளக் ஒயரைக் கழற்றி, அதை ஒரு உதிரிப் பிளக்கில் மாட்டி, அந்தப் பிளக்கின் உலோகப் பகுதி இன்ஜினில் உறுதியாகப் படும்படி கட்டிவைத்து, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். ஓடும் இன்ஜினில் வெறும் கையால் ஒயரைப் பிடுங்குவது பல ஆயிரம் வோல்ட் மின்சாரத்தைத் தொடுவதாகும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இந்த வேலையின் அருகிலேயே நிற்கக் கூடாது. ஒயரைக் கழற்றியதும் இன்ஜின் மேலும் தள்ளாடினால் அந்தச் சிலிண்டர் இதுவரை வேலை செய்துகொண்டிருந்தது என்று பொருள். எந்த மாற்றமும் தெரியவில்லை என்றால் அதுதான் நாம் தேடும் சிலிண்டர். நான்கையும் இவ்வாறு பார்த்துவிடுங்கள். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து படுத்திருந்தால், அதாவது வேலை செய்யாமல் இருந்தால், அதுவே ஒரு தடயம். இந்த ஹெட்டில் 1, 2 சிலிண்டர்களுக்கு ஒரு இன்லெட் வழியும், 3, 4 சிலிண்டர்களுக்கு மற்றொன்றும் பொதுவாக உள்ளன. ஆகவே அந்த ஜோடிகளில் ஒன்று தடுமாறினால் மேனிஃபோல்டு கேஸ்கெட்டையும், 2, 3 சேர்ந்து தடுமாறினால் ஹெட் கேஸ்கெட்டையும் முதலில் பாருங்கள். அண்மையில் யாரேனும் ஒயர்களைக் கழற்றி மாட்டியிருந்தால் 1-3-4-2 என்ற தீப்பொறி வரிசை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை. இந்த இன்ஜினில் ரோட்டார் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது என்பதை மனதில் வைத்து எண்ணுங்கள்.

படுத்த சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பாருங்கள். இளம்பழுப்பு நிறம் நலமான எரிதலைக் காட்டும். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. எண்ணெய்ப் பசை இருந்தால் ரிங் அல்லது வால்வு கைடு தேய்மானம். பெட்ரோலில் நனைந்திருந்தால் தீப்பொறியே வரவில்லை. இடைவெளியை 0.025 அங்குலத்துக்கு அமைத்து, அந்தப் பிளக்கை வேறொரு சிலிண்டருக்கு மாற்றிப் பாருங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே இடம் மாறினால் பிளக்கே குற்றவாளி. மாறாவிட்டால் ஒயரையும் அதேபோல் இடம் மாற்றிச் சோதிக்கலாம்.

பாயிண்டும் ரோட்டாரும் அடங்கிய, டெல்கோ என்று ஒர்க்‌ஷாப்புகளில் அழைக்கப்படும் டிஸ்ட்ரிபியூட்டரில் அவசரப்படாதீர்கள், ஏனெனில் என் அனுபவத்தில் பாதிக்கு மேற்பட்ட மிஸ்ஸிங்குகள் இங்கேதான் பிறக்கின்றன. மூடியின் உட்புறத்தில் மயிரிழை போன்ற கரிக்கோடு ஓடுகிறதா, நடுவிலுள்ள கரித்துண்டு ஸ்பிரிங்கோடு உள்ளே போய் வருகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இருட்டில் இன்ஜினை ஓடவிட்டால், ஒயரிலோ மூடியிலோ கசியும் மின்சாரம் நீலப் பொறியாகக் கண்ணுக்கே தெரியும். பாயிண்ட் முழுதும் திறந்த நிலையில் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம் வரை இருக்க வேண்டும். முகங்களில் ஒன்றில் குழியும் மற்றொன்றில் மேடும் விழுந்திருந்தால், ஓடும்போது பாயிண்டுக்கிடையே பளிச்சென்ற பொறி தெரிந்தால், கண்டென்சரை மாற்ற வேண்டும். பிறகு ஷாஃப்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். புஷ் தேய்ந்து ஷாஃப்ட் ஆடினால், ஃபீலர் கேஜில் எவ்வளவு நுணுக்கமாக வைத்தாலும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இடைவெளி வேறுபடும். புதிதாக வாங்கும் ரோட்டாரிலும் கவனம் தேவை. பித்தளைத் தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட் மிக ஆழமாக இறங்கியிருந்தால், மின்சாரம் அதன் வழியே ஷாஃப்டுக்குக் கசிந்துவிடும்.

எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும் இன்னொன்றும் உண்டு. காயிலிலிருந்து பாயிண்டுக்கு வரும் மெல்லிய ஒயரும், பாயிண்ட் தட்டை எர்த் செய்யும் பின்னல் ஒயரும், இன்ஜினின் உறிஞ்சலால் தீப்பொறி நேரத்தை மாற்றும் வாக்குவம் அட்வான்ஸ் அந்தத் தட்டை இழுக்கும் ஒவ்வொரு முறையும் வளைந்து நிமிர்கின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல, மேலுறை நன்றாக இருக்கும்போதே உள்ளே கம்பி இற்றுவிடுகிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும் கணத்தில் மட்டும் வரும் மிஸ்ஸிங்குக்காக நான் ஒருமுறை கார்புரேட்டரை முழுவதும் பிரித்து மாட்டினேன். இறுதியில் அந்தச் சிறு ஒயர்தான் காரணமாக இருந்தது. தட்டைக் கையால் மெல்ல நகர்த்திக்கொண்டே மல்டிமீட்டரில் தொடர்ச்சி பாருங்கள்.

மின்சாரப் பக்கம் தூய்மையானது என்று உறுதியான பின்னரே பெட்ரோலுக்கு வர வேண்டும். கார்புரேட்டர் வழியே பின்னோக்கி வெடித்தால் பெரும்பாலும் கலவையில் பெட்ரோல் குறைவு. இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, இன்லெட் மேனிஃபோல்டு இணைப்புகளில் சிறிது தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். ஓட்டம் மாறினால் அங்கே காற்று கசிகிறது. இந்தச் சோதனைக்குச் சிலர் பெட்ரோலைத் தெளிப்பார்கள். தீப்பிடிக்கும் என்பதால் ஒருபோதும் கூடாது. எஸ்.யூ. கார்புரேட்டர் உள்ள வண்டியில், ஐடிலில் கார்புரேட்டரின் உள்ளே உள்ள பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்துங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் மிகுதி, இன்ஜின் அணைய முற்பட்டால் குறைவு, சற்றே கூடித் திரும்பினால் கலவை சரி. இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாயையும் பம்பின் டயஃப்ரத்தையும் கெடுக்கக்கூடும். நெடுநாள் நின்ற வண்டியில் அது தண்ணீரையும் ஈர்த்துக்கொள்ளும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஒரே சிலிண்டர் படுத்தே இருந்தால் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். இன்ஜின் சூடாக இருக்கும்போது காயில் இணைப்பை எடுத்துவிட்டு, நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு பிளக் துளையிலும் கம்ப்ரஷன் கேஜை வைத்து, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். அளவு எவ்வளவு என்பதைவிட நான்கும் ஒத்திருக்கின்றனவா என்பதே முக்கியம். குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயிலை விட்டு மீண்டும் பாருங்கள்; அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. ஐடிலில் சைலன்சர் முனையருகே பிடித்த காகிதம் அவ்வப்போது உள்ளிழுக்கப்பட்டால் எக்ஸாஸ்ட் வால்வு கருகியிருக்கக்கூடும்.

டப்பெட் சத்தமே (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் இடையிலுள்ள இடைவெளியால் எழும் தட்டல்) இல்லாத இன்ஜினை நல்ல இன்ஜின் என்று நம்பிவிட வேண்டாம். ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியில் இந்தியாவில் நிறுத்தப்பட்டது. அந்த ஈயத்தின் காப்பை நம்பிய, அதற்கு முந்தைய ஹெட்டுகளில் எக்ஸாஸ்ட் சீட் தேய்ந்து வால்வு மேலே ஏற, 0.015 அங்குல இடைவெளி சத்தமின்றி மூடிக்கொண்டே வரும். முழுதும் மூடியபின் வால்வு சீட்டில் அமராமல் கருகும். இடைவெளியை அளக்க ஒன்பது விதி உதவும். முன்பக்கத்திலிருந்து எண்ணினால், 8ஆம் வால்வு முழுதும் திறந்திருக்கும்போது 1ஆம் வால்வையும், 6ஆம் வால்வு திறந்திருக்கும்போது 3ஆம் வால்வையும் என, கூட்டினால் ஒன்பது வரும்படி அளக்க வேண்டும். ஆயிரம் கிலோமீட்டருக்குள் அதே வால்வு மீண்டும் இறுகிவிட்டால் ஹெட்டைக் கழற்றி, கடினப்படுத்தப்பட்ட எக்ஸாஸ்ட் சீட்டுகளைப் பொருத்தச் சொல்லுங்கள்.